குடை மார்க் சாக்கு

மாத்தளை,
ஜனவரி 9

அன்புத் தம்பி இத்ரூஸுக்கு ஹமீமா ராத்தாவின் ஸலாம்.

இங்கு எல்லோரும் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். வெள்ளிக்கிழமை போன் எடுத்தாய்தான். ஆனால் "சுகமா, சாப்பிட்டீங்களா, வைக்கிறேன்" என்பதற்கு மேல் உன் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. ஓர் அறையில் ஆறு பேர் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தால் யார்தான் பேசுவார்கள் என்று நிஷ்மியா உனக்காக வக்காலத்து வாங்கினாள். அதனால்தான் இந்தக் கடுதாசி. லீவு முடிந்து துபாய்க்குத் திரும்புகிற பஸ்லியிடம் கொடுத்து அனுப்புகிறேன். இனிமேல் அவன் வேலை செய்கிற கடையின் தபால் பெட்டிக்கே எழுதுகிறேன். அவன் உன் கையில் சேர்ப்பான்.

உன் பெண்சாதி நிஷ்மியாவுக்கு மூன்று மாதம் நிறைந்துவிட்டது. எங்களோடுதான் இருக்கிறாள். மிளகு வாசம் பட்டாலே வாந்தி எடுக்கிறாள். மிளகுக் கடை வீட்டில் வாழ்க்கைப்பட்டவளுக்கு வந்த சங்கடத்தைப் பார். "உள்ளுக்கு இருக்கிற ஆளுக்கு இந்த யாவாரம் புடிக்கல்ல போல" என்று நளீம் மச்சான் அவளைக் கேலி செய்கிறார்.

நீ போன பிறகு சாக்கு வாய் தைக்கிற வேலையும் அவர் தலையில்தான் விழுந்திருக்கிறது. அந்தத் தையலை நீ பார்க்க வேண்டும். கோழி கிளறின முற்றம் தோற்றுப்போகும். எல்லோரும் இடமிருந்து வலமாகத் தைத்தால் நீ இடக்கையில் ஊசியைப் பிடித்து வலமிருந்து இடமாகப் போவாய். கடைசியில் ஒரு முடிச்சுப் போட்டு நூல் நுனியை உள்ளே திருப்பி விடுவாய். சாக்கின் வாயைப் பார்த்தே "இது குடைக்காரக் கடை மிளகு" என்று முன் கடை ஷிஃபான் நானா சொல்லிவிடுவாரே. இப்போது அவர் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார்.

காய் பறிக்கத் தொடங்குமுன் மச்சான் வழக்கம்போல ரத்தொட்டைக்கு மேலே போய் வீடு வீடாக நம் குடை மார்க் சாக்குகளைப் போட்டுவிட்டு வந்தார். நம் சாக்குக் கிடக்கிற வீட்டு மிளகு வேறு கடைக்குப் போகாது. அது எழுதி வைத்த சட்டமில்லை, ஆனால் யாரும் மீறியதில்லை. கொழும்பில் மட்டும் விலை இன்னும் இறங்கிவிட்டது. வேறு நாட்டு மிளகு கப்பல் கப்பலாகப் போய் இறங்குகிறதாம். ஒரு கடை இரண்டு குடும்பத்துக்குச் சோறு போடாது என்றுதானே நீ போனாய். இப்போது ஒரு குடும்பத்துக்கே இழுபறி. நான் இதை எழுதினேன் என்று அவருக்குத் தெரிய வேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடு. உன் நினைவாகவே இருக்கும்,
ராத்தா

---

துபாய்,
பெப்ரவரி 2

அன்பு ராத்தாவுக்கும் மச்சானுக்கும், வஅலைக்கும் ஸலாம்.

அல்ஹம்துலில்லாஹ், சுகமாக இருக்கிறேன். உங்கள் சுகத்துக்கும் நிஷ்மியாவின் சுகத்துக்கும் துஆ கேட்கிறேன். கடிதத்தைக் குளியலறைக்குள் போய்ப் படித்தேன். மச்சானின் தையல் கதையில் சிரித்துவிட்டேன், வெளியே காத்திருந்தவன் கதவைத் தட்டினான்.

நான் வேலை செய்கிற ஸ்டோர் நம் மாத்தளை பஸ் ஸ்டாண்டை விடப் பெரியது. உலகத்திலுள்ள வாசனைச் சரக்கெல்லாம் ஒரு கதவால் வந்து மறு கதவால் போகிறது. வரும்போது ஒரு நாட்டின் பெயர் இருக்கும். போகும்போது என்ன பெயர் இருக்கிறது என்று பார்க்கக் கூடாதாம். வியட்நாம் மிளகு குவிந்து கிடக்கிறது. மணி பெரிது, பார்வைக்கு நல்ல கறுப்பு, ஆனால் கையில் அள்ளினால் நம் மிளகின் பாரமில்லை. ஒன்றைக் கடித்துப் பார்த்தேன், உறைப்பு ஏறவே நேரமெடுத்தது. ஆனால் அவ்வளவு மலிவு ராத்தா. அந்த விலைக்கு விற்றால் மலையில் மிளகுக்கொடி வளர்க்கிற பொன்னையா அண்ணனுக்குப் பறிகூலிகூட மிஞ்சாது.

இவ்வளவு நாளும் மூட்டைதான் சுமந்தேன். போன வாரம் சூப்பர்வைசர் வந்து, கோணி ஊசி பிடித்துக் கையால் சாக்குத் தைக்கத் தெரிந்தவன் யார் என்று கேட்டார். நான் கை தூக்கினேன். உடனே என்னைத் தனி அறைக்கு மாற்றிவிட்டார், சம்பளமும் கூட்டியிருக்கிறார். வெளியே தையல் மெஷின்கள் வரிசையாக நிற்கும்போது கைத்தையல் எதற்கென்று விளங்கவில்லை. "உன் ஊர்ல எப்படித் தைப்பியோ அப்படியே தை" என்றார். இப்போதைக்குப் பழகுவதற்கு வெற்றுச் சாக்கைத் தந்திருக்கிறார்.

வேலைக்குப் போகும்போது போனை வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள். அறையிலும் சூப்பர்வைசரின் ஆள் ஒருவன் இருக்கிறான். அதனால் எழுதுவதே நல்லது. பிரசவச் செலவுக்கு யோசிக்க வேண்டாம் என்று நிஷ்மியாவிடம் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி,
இத்ரூஸ்

---

மாத்தளை,
பெப்ரவரி 24

அன்பு இத்ரூஸ், அஸ்ஸலாமு அலைக்கும்.

நோன்புக்கு இன்னும் சில நாள்தான். நீ சுகமாக நோன்பு பிடிக்க அல்லாஹ் உதவி செய்யட்டும். இங்கே எனக்குத்தான் முழங்கால் வலி, மற்றவர்கள் சுகம். ஊசி பிடித்தே சம்பளத்தைக் கூட்டிக்கொண்டாய் என்று மச்சானுக்கு ஒரே பெருமை. ஷிஃபான் நானாவிடம்கூடச் சொல்லிவிட்டு வந்தார்.

உனக்கொரு வேடிக்கை சொல்ல வேண்டும். அன்ஸாப் என்று ஒருவர் காரில் வந்தார். கொழும்புக்காரர், பலாபத்வலையில் ரோட்டோரம் ஒரு கிட்டங்கி எடுத்திருக்கிறாராம். மிளகு வாங்கத்தான் வந்திருக்கிறார் என்று நான் பிளேன்ட்டீ ஊற்றினேன். மனுசன் மிளகைத் திரும்பியும் பார்க்கவில்லை. பழைய சாக்குத்தான் வேண்டுமாம். அதுவும் குடை அச்சுக் குத்தினதுதான் வேண்டுமாம். வெளிநாட்டில் பெரிய ஹோட்டல்களில் அழகுக்காக மாட்டுகிறார்களாம். உள்ளே போடுகிற மிளகைவிட வெறும் சாக்குக்கு நல்ல விலை சொன்னார். மச்சான் முதலில் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

உண்மையைச் சொன்னால் அந்தக் காசில்தான் இந்த மாதம் அடுப்பு எரிகிறது. பிள்ளைக்குத் தொட்டிலும் வாங்கிவிட்டோம். ஒன்றுதான் மனதைக் குத்துகிறது. மலை வீடுகளில் போட்டிருந்த சாக்குகளையும் மச்சான் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். பொன்னையா அண்ணன் லொறிக்குப் பின்னாலேயே கொஞ்ச தூரம் நடந்து வந்து, "சாக்க எடுத்துட்டுப் போறீங்களே முதலாளி, எங்களக் கைவிட்டுட்டீங்களா?" என்று கேட்டாராம். புதுச் சாக்கு வாங்கி அச்சுக் குத்திக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

தகர அச்சையும் ஒரு நாளைக்குத் தரச் சொல்லி அன்ஸாப் கேட்டிருக்கிறார். நீ உன் கையால் தகரத்தில் வெட்டின அதே குடைதான். கொடுப்போமா என்று மச்சான் யோசிக்கிறார்.

அன்புடன்,
ராத்தா

---

துபாய்,
ஏப்ரல் 5

அன்பு ராத்தாவுக்கு ஸலாம்.

பெருநாள் நல்லபடியாகப் போயிருக்கும். எனக்கு அன்றும் வேலை. சுகமாக இருக்கிறேன். நிஷ்மியாவைக் கிளினிக்குக்குத் தவறாமல் கூட்டிப்போங்கள்.

மச்சானிடம் ஒன்று சொல்லுங்கள். இனி ஒரு சாக்குக்கூடக் கொடுக்க வேண்டாம். அச்சைக் கொடுக்கவே வேண்டாம். அன்ஸாப் மறுபடி கேட்டால் தொலைந்துவிட்டது என்று சொல்லுங்கள். கொடுத்திருந்தால் இன்றைக்கே போய் வாங்குங்கள். காரணம் கேட்காதீர்கள் ராத்தா.

போன வாரம் இங்கே ஒரு கட்டுப் பழைய சாக்கு வந்தது. அதைப் பற்றி இன்னொரு முறை எழுதுகிறேன்.

பிரசவச் செலவுக்கு அனுப்பிய காசு வந்ததா?

இத்ரூஸ்

---

மாத்தளை,
மே 12

அன்புத் தம்பிக்கு ஸலாம்.

சுகமா? உன் கடிதம் கந்தூரிச் சாப்பாட்டுச் சீட்டைவிடச் சின்னதாக இருந்தது. காசு வந்தது, அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். நிஷ்மியாவுக்குக் கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, டொக்டர் பயமில்லை என்கிறார்.

அச்சைக் கொடுத்தாகிவிட்டது. உன் கடிதம் வருமுன்னே அன்ஸாப் கொண்டுபோய்விட்டார். ஒரு நாள் என்றவர் ஒரு மாதமாகத் தரவில்லை. மச்சான் பலாபத்வலைக்குப் போனார். கிட்டங்கியில் பூட்டுத் தொங்குகிறது. பக்கத்துத் தேநீர்க் கடையில் கேட்டால், லொறி லொறியாகச் சாக்கு ஏற்றினார்கள், இப்போது யாரும் வருவதில்லை என்றார்களாம்.

அதைவிடப் பெரிய கதை இருக்கிறது. மச்சான் நம் மிளகைக் கொண்டு கொழும்புக்குப் போனார். எத்தனையோ வருடமாக நம்மிடம் வாங்குகிற ஏற்றுமதிக்காரர், மூட்டையைப் பிரித்தும் பார்க்காமல் திருப்பிவிட்டார். "உங்கட மார்க்கே வெளியில உங்களவிட மலிவாக் கிடைக்குதே நளீம், நான் ஏன் இதை வாங்கணும்?" என்று கேட்டாராம். மச்சானுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நம் குடை நமக்குத் தெரியாமல் எங்கே விற்கிறது என்று கேட்டதற்கு, ஏற்றுமதிக்காரர் தோளைத் தட்டி அனுப்பிவிட்டார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. உனக்கு என்னவோ தெரிந்திருக்கிறது. ஒளிக்காமல் எழுது.

ராத்தா

---

துபாய்,
ஜூன் 8

அன்பு ராத்தாவுக்கும் மச்சானுக்கும் ஸலாம். எல்லோருடைய சுகத்தையும் வேண்டுகிறேன்.

எழுதிவிடுகிறேன். நம் குடை மார்க் சாக்குகள் இங்கேதான் வந்தன. அவற்றில் வியட்நாம் மிளகைப் போட்டு, மாத்தளை மிளகு என்று அனுப்புகிறார்கள். நம் மிளகுக்கு உறைப்பும் பாரமும் கூடுதல் என்பதால் சில நாடுகளில் நல்ல விலை கொடுக்கிறார்கள். பழைய சாக்கு முடிந்துவிட்டது. இப்போது புதுச் சாக்கில் அதே குடையைக் குத்துகிறார்கள். தகர அச்சில் குடைக் கம்பியை நான் வெட்டும்போது ஒரு மூலை வளைந்துவிட்டதே, அந்த வளைவுகூட அப்படியே இருக்கிறது.

நான் அந்தப் பக்கம் இல்லை. பெருநாளுக்குப் பிறகு என்னை மறுபடி மூட்டை ஏற்றத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஊசியும் நூலும் வேறொருவன் கையில்.

இதை யாரிடமும் சொல்ல வேண்டாம். எங்கள் பாஸ்போர்ட் கம்பனியிடம் இருக்கிறது. பங்களாதேஷ் பையன் ஒருவன் போனில் படம் எடுத்தான். அவனுடைய கட்டில் இப்போது காலியாக இருக்கிறது. எங்கே என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இத்ரூஸ்

---

மாத்தளை,
ஜூலை 20

அல்ஹம்துலில்லாஹ். நீ வாப்பா ஆகிவிட்டாய் தம்பி.

பெண் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம். போனில் அழுகைச் சத்தத்தைக் கேட்டிருப்பாய், ஆனால் முகத்தை நான் எழுத்தில்தான் காட்ட வேண்டும். மூக்கு உனக்கு. பிடிவாதமும் உனக்கே. மச்சான்தான் காதில் பாங்கு சொன்னார். அம்றா என்று பெயர் வைக்க நிஷ்மியா ஆசைப்படுகிறாள், உனக்குச் சம்மதம்தானே?

உன் ஜூன் மாதக் கடிதத்தை மச்சான் பலமுறை படித்தார். "சாக்கைத்தான் வித்தேன், பேரை விக்கல்ல" என்று தனியாகச் சொல்லிக்கொண்டார். ஆனால் இரண்டையும் சேர்த்துத்தான் விற்றுவிட்டோம் என்று அவருக்கும் தெரியும். அன்று தலையை ஆட்டியது நான். அவர் அதை ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நீ அந்த அறையில் இல்லை என்று எழுதியது பெரிய ஆறுதல். அதை நிஷ்மியாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

மலையில் மிளகு கொடியிலேயே காய்ந்து கிடக்கிறது. பறிகூலி கொடுத்து இறக்கினால் நட்டம் என்று விட்டுவிட்டார்கள். பொன்னையா அண்ணனின் மகள் அனுஷியா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகப் பேர் கொடுத்திருக்கிறாள். விடைபெற வந்தபோது, "ஒங்க சாக்கு வரும்னு அப்பா இன்னமும் ரோட்டப் பாத்துக்கிட்டு இருக்காருங்க" என்றாள். நான் உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

அங்கே யாரிடமாவது முறையிட வழியில்லையா என்று மச்சானிடம் கேட்டேன். "அவனக் கெடக்க விடு. பிள்ளக்காரன்" என்றுவிட்டார்.

ராத்தா

---

துபாய்,
ஆகஸ்ட் 17

அன்பு ராத்தாவுக்கு ஸலாம்.

அம்றா நல்ல பெயர். அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டேதான் வேலை செய்கிறேன். தாய்க்கும் பிள்ளைக்கும் மச்சானுக்கும் உங்கள் முழங்காலுக்கும் துஆ செய்கிறேன்.

இங்கே வேலை அதிகம். பெரிய ஓடர் ஒன்று ஐரோப்பாவுக்குப் போகிறது. ஒரு கொண்டெய்னர் மிளகு வழியில் நனைந்து பூத்துவிட்டது. கொட்டுவார்கள் என்று நினைத்தேன். காயவைத்து, என்னவோ எண்ணெயைத் தெளித்துப் புரட்டினார்கள். பூஞ்சணம் மறைந்து பளபளவென்று ஆகிவிட்டது. கராஜில் வருகிற வாசம் அதில் வருகிறது. அது வேறு எதில் போகும், நம் குடையில்தான் போகிறது. நான் சாப்பாட்டில் மிளகைத் தொடுவதில்லை.

நூல் அறுத்து இரண்டு விரல்கள் வெடித்திருக்கின்றன, எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள். பிள்ளையின் படத்தைப் பஸ்லியின் போனுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

இத்ரூஸ்

---

மாத்தளை,
ஒக்டோபர் 3

அன்பு இத்ரூஸுக்கு ஸலாம்.

பிள்ளை சிரிக்கப் பழகிவிட்டாள். நிஷ்மியா சுகம். நான் சுகமில்லை, காரணத்தை எழுதுகிறேன்.

கொழும்பிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். ஐரோப்பாவில் ஒரு துறைமுகத்தில் குடை மார்க் மிளகைப் பிடித்திருக்கிறார்கள். மனுசர் சாப்பிடக் கூடாத எண்ணெய் அதில் இருக்கிறதாம். மாத்தளை என்று எழுதியிருந்ததால் அங்கிருந்து இங்கே எழுதிக் கேட்டிருக்கிறார்கள். சாக்கை விற்றோம் என்று மச்சான் சொன்னார். யாருக்கு என்றார்கள். அன்ஸாப் என்ற பெயரைத் தவிர எங்களிடம் என்ன இருக்கிறது? அவர் தந்த போன் நம்பர் இப்போது யாருக்கும் சொந்தமில்லை. வெறும் சாக்கை யார் வாங்குவார் என்று அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த முறை பிடிபட்ட சாக்கோடு வருவார்களாம்.

அன்றிலிருந்து கடைத்தெருவில் நமக்கு ஸலாம் சொல்கிறவர்களும் அவசரமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நம்மை மட்டுமில்லை, மாத்தளை என்று சொன்னாலே எவருடைய மிளகையும் வாங்கப் பயப்படுகிறார்கள். அந்தக் கோபமும் நம்மேல்தான்.

மச்சானின் போக்கும் எனக்கு விளங்கவில்லை. அஸர் தொழுதுவிட்டு ஸ்டோர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். வெற்றுச் சாக்கை எடுத்து வாயைத் தைக்கிறார், பிரிக்கிறார், மறுபடி தைக்கிறார். போட மிளகில்லாத கடையில் இது எதற்கு என்று கேட்டேன். "கை பழகட்டும்" என்றார். மனுசனுக்குப் புத்தி பேதலிக்கிறதோ என்று அழுகையாக வருகிறது.

இனி உன்னிடம் கேட்கிறேன். மூட்டை ஏற்றுகிறவனின் விரலை நூல் எப்படி அறுக்கும்? உன் ஆகஸ்ட் கடிதத்தை அலமாரியில் துணிக்கு அடியில் வைத்திருக்கிறேன், மச்சானுக்குக் காட்டவில்லை. அந்தச் சாக்குகளைத் தைத்தது யார்? எனக்கு மட்டும் சொல்.

ராத்தா

---

துபாய்,
ஒக்டோபர் 21

ராத்தாவுக்கு ஸலாம்.

எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டாகிவிட்டதா? மழைக்காலம், தலையை மூடி வைக்கச் சொல்லுங்கள்.

விசாரணை முடியும்வரை யாருக்கும் லீவில்லையாம். சூப்பர்வைசர் நேற்று என்னைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டார். இந்தத் தையலைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கக்கூடியவர் உன் ஊரில் யாராவது இருக்கிறாரா என்றார். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மச்சானுக்கு என் ஸலாம் சொல்லுங்கள்.

இத்ரூஸ்

---

மாத்தளை,
நவம்பர் 12

இத்ரூஸ், அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. இனி எழுத வேண்டியதுமில்லை.

திங்கட்கிழமை வந்தார்கள், கூடவே பொலிஸும். பிடிபட்ட சாக்கின் வாயை மட்டும் வெட்டி ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். அதை மேசையில் வைத்தார்கள். நான் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். வலமிருந்து இடமாகப் போகிற தையல். கடைசியில் முடிச்சு. நூல் நுனி உள்ளே திருப்பியிருந்தது. நான் எத்தனை வருடம் பார்த்த தையல் அது தம்பி.

வருமுன் முன் கடையில் விசாரித்திருக்கிறார்கள். ஷிஃபான் நானா பார்த்த உடனே, "இது நம்ம இத்ரூஸ்ட இடக்கைத் தையலாச்சே, மாத்தளையில வேற ஆருக்கும் வராது" என்று சொல்லியிருக்கிறார். பாவம், பெருமையாகத்தான் சொன்னார். பிறகு விஷயம் தெரிந்து கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

பெரிய அதிகாரி சிங்களத்தில் கேட்டார். உங்கள் மைத்துனர் இடக்கைக்காரராமே, எங்கே இருக்கிறார், என்ன கம்பனி, அங்குள்ள பொலிஸுக்கு நாங்கள் அறிவிக்க வேண்டும் என்றார். நிஷ்மியா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். அவளுடைய மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டது.

மச்சான் எழும்பினார். "அவனுக்கும் இதுக்கும் ஒண்ணும் இல்லீங்க மாத்தயா. மிளகு போட்டதும் நான்தான், தைச்சதும் நான்தான்" என்றார்.

அதிகாரி நம்பவில்லை. கோணி ஊசியையும் நூலையும் எடுத்து நீட்டி, அப்படியானால் தைத்துக் காட்டுங்கள் என்றார். மச்சான் ஒரு சாக்கை மடியில் போட்டார். ஊசியை இடது கையில் வாங்கினார். வலப்பக்க மூலையில் குத்தித் தொடங்கினார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது, அந்த ஸ்டோர் அறையில் அவர் எதைப் பழகினார் என்று. நீ மூட்டை ஏற்றுகிறாய் என்று எழுதியதை நான் நம்பினேன், நம்பத்தான் ஆசைப்பட்டேன். அவர் ஒரு நாளும் நம்பியிருக்கவில்லை. அலமாரியில் துணிக்கு அடியில் இருந்த கடிதத்தையும் படித்திருக்கிறார். மடித்த மடிப்பு மாறியிருந்ததை நான்தான் கவனிக்கவில்லை.

அவர் அவசரப்படாமல் தைத்துக்கொண்டே போனார். முடிச்சுப் போட்டார். நுனியை உள்ளே திருப்பிவிட்டார். அதிகாரி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். மச்சான் வாழ்நாளில் தைத்ததிலேயே நேரான தையல் அதுதான்.

கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கடைக்குச் சீல் வைத்தார்கள். நேற்றுப் பார்க்க விட்டார்கள், சுகமாகத்தான் இருக்கிறார். கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து உனக்குச் சொல்லச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தம்பிய வர வேணாம்னு எழுது. ஒண்ணும் பேசவும் வேணாம். பேசினா நான் தைச்சது வீணாப் போயிரும்."

அவர் சொன்னதை எழுதிவிட்டேன். இனி நான் சொல்வது. நான் உனக்கு ராத்தா, அவருக்குப் பெண்சாதி. இரண்டும் ஒரு நெஞ்சுக்குள் இருக்க இடமில்லாமல் அடித்துக்கொள்கின்றன. உன்மேல் எனக்குக் கோபம். உன்னை அங்கே என்ன செய்வார்களோ என்று பயம். அந்தக் காலிக் கட்டிலை நினைத்தால் தூக்கமில்லை. ஆனாலும் மலைக்கு மேல் ஒவ்வொரு வீட்டிலும் சாக்குப் போட்டுவிட்டு வந்த மனுசனை, எண்ணெய் தெளித்த மிளகை விற்றவன் என்று அந்த மலையே நம்பப்போகிறது. பொன்னையா அண்ணனும் நம்புவார்.

வெள்ளிக்கிழமை போன் எடு. சுகமா, சாப்பிட்டீங்களா என்று என்னிடம் கேட்காதே. நான் அதற்குப் பதில் சொல்லமாட்டேன். அறையில் ஆறு பேர் கேட்டுக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை, நீ பேசு.

உன் மகள் சுகம்.

ஹமீமா ராத்தா